தந்தைக்கு வந்த மாரடைப்பு எனக்கும் வந்தே தீருமா?

வாசகர் கடிதம்

"எனக்கு வயது 42. கணக்குப் பிரிவில் வேலை. நாளில் ஒன்பது மணி நேரம் நாற்காலியிலேயே கழிகிறது. என் தந்தை 52 வயதில் மாரடைப்பால் இறந்தார். தாய்க்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. சென்ற மாதம் செய்துகொண்ட பரிசோதனையில் என் ரத்த அழுத்தம் 136/88 என்றும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.0 என்றும் வந்தது. எடை 78 கிலோ. 'இப்போதைக்கு நோய் என்று சொல்ல முடியாது, பழக்கவழக்கங்களை மாற்றிக்கொள்ளுங்கள்' என்று சொல்லி மருத்துவர் அனுப்பிவிட்டார். நாளொன்றுக்கு மூன்று நான்கு சிகரெட்தான் பிடிக்கிறேன். இரவு ஒரு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் நடைப்பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு, புகையை நிறுத்துவது என எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பித்து, மூன்றாவது வாரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். என் பெரியப்பா ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் புகைத்தும் 88 வயது வரை இருந்தார். தினமும் ஓடப் போகும் என் நண்பர் 46 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். எல்லாம் பரம்பரைப்படிதான் நடக்கும் என்றால் நான் ஏன் சிரமப்பட வேண்டும்? அப்படி இல்லையென்றால் எதில் தொடங்குவது? என் தம்பிக்கு வயது 37. அவன் எந்தப் பரிசோதனையும் செய்துகொண்டதில்லை. தெரியாமல் இருப்பதே நிம்மதி என்கிறான்."

மருத்துவரின் பதில்

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

"நான் ஏன் சிரமப்பட வேண்டும்" என்ற கேள்வியை என்னிடம் வருகிறவர்களில் பலர் மனத்துக்குள் வைத்திருக்கிறார்கள். வாய்விட்டுக் கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்காதவர்கள் நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பழையபடியே இருப்பார்கள். நீங்கள் கேட்டுவிட்டீர்கள் என்பதால் நானும் சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறேன். நல்ல பழக்கவழக்கங்கள் எவருக்கும் உத்தரவாதம் அளிப்பதில்லை. ஆனால், உங்கள் வயதும் உங்கள் குடும்ப வரலாறும் உங்கள் பரிசோதனை எண்களும் உள்ள ஒருவருக்கு, நோய் வருவதற்கான வாய்ப்பை அவை பெரிய அளவில் குறைக்கின்றன. முதலில் கைவைக்க வேண்டியது நடையிலோ உணவிலோ அல்ல. நீங்கள் 'தான்' போட்டு எழுதியிருக்கும் அந்த மூன்று நான்கு சிகரெட்டில்தான்.

அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். மூன்று மாதச் சராசரி என்று நீங்கள் குறிப்பிடும் ஹெச்பிஏ1சி பரிசோதனை, ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு பங்கின் மீது சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அளக்கிறது. ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் உயிரோடிருப்பதால், பரிசோதனைக்கு முந்தைய நாள் நீங்கள் பட்டினி கிடந்தாலும் விருந்து சாப்பிட்டாலும் இந்த எண் பெரிதாக மாறாது. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் வாழ்க்கையையே அது காட்டுகிறது. பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோலின்படி 5.7 முதல் 6.4 வரை உள்ளது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5-ஐத் தொட்டால் நோய். நீங்கள் அந்த இடைவெளியின் நடுவில் நிற்கிறீர்கள். இந்த இடத்திலிருந்து திரும்பி வர முடியும் என்பதே இந்தப் பரிசோதனையின் பயன்.

ரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை, ஒரே ஒரு அளவை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. படியேறி வந்த மூச்சோடு, கூட்டத்துக்கு நடுவில், பேசிக்கொண்டே எடுத்த அளவு உண்மையைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும். அளவெடுப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, தேநீர், சிகரெட் எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, கையை இதயத்தின் மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். இப்படி ஒரு வாரம் காலையும் மாலையும் எடுத்து எழுதி வையுங்கள். அப்போதும் 136/88-ஐ ஒட்டியே வந்தால், 'இன்னும் எல்லையைத் தாண்டவில்லை' என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். பத்து லட்சம் பேரின் விவரங்களைத் திரட்டி 2002-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, 40 முதல் 69 வயது வரையானவர்களில், 115/75 என்ற அளவிலிருந்தே மேல் எண் ஒவ்வொரு 20 கூடும்போதும் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் இறக்கும் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று காட்டியது. 140 என்பது மருத்துவர்கள் வசதிக்காகப் போட்ட கோடு. அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பது ரத்தக் குழாய்க்குத் தெரியாது.

இனி உங்கள் பெரியப்பாவுக்கும் நண்பருக்கும் வருவோம், ஏனென்றால் உங்கள் மனத்தில் என் சொல்லைவிட அவர்கள் இருவரும்தான் கனமாக இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கிலாந்தில் 1951-ஆம் ஆண்டு ரிச்சர்ட் டால் என்பவரும் பிராட்ஃபோர்டு ஹில் என்பவரும் மருத்துவர்களிடமே அவர்களுடைய புகைப் பழக்கத்தைக் கேட்டுப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். முப்பத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்கள் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டார்கள். 2004-இல் வெளிவந்த முடிவு, வாழ்நாள் முழுவதும் புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தார்கள் என்றது. சராசரி என்ற சொல்லைக் கவனியுங்கள். சிலர் ஓர் ஆண்டைக்கூட இழக்கவில்லை. சிலர் இருபது, முப்பது ஆண்டுகளை இழந்தார்கள். உங்கள் பெரியப்பா முதல் கூட்டத்தில் ஒருவர். அவர் 88 வயது வரை உங்கள் கண்முன் நடமாடியதால் நினைவில் நிற்கிறார். அவரோடு சேர்ந்து இளமையில் புகைத்து ஐம்பதுகளில் போய்விட்டவர்களின் பெயரை இன்று குடும்பத்தில் யாரும் எடுப்பதில்லை. எஞ்சியவர்களை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் எந்த ஆபத்தும் சிறிதாகவே தெரியும். நீங்கள் கணக்குத் துறையில் இருப்பவர். வசூலான தொகையை மட்டும் பார்த்து, வராக்கடனை விட்டுவிட்டு லாபம் எழுதினால் என்ன ஆகும் என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

உங்கள் நண்பரின் மரணம் வேறு வகையான துயரம். அவர் எதனால் இறந்தார் என்று எனக்குத் தெரியாத நிலையில் நான் காரணம் கற்பிக்க மாட்டேன். ஒழுங்காக உடற்பயிற்சி செய்பவர்களிலும், பிறப்பிலேயே கொழுப்பின் அளவை மிகவும் உயர்த்திவிடும் மரபுக் கோளாறு உள்ளவர்கள் இருக்கிறார்கள். இதயத் தசையிலோ அதன் மின்னோட்டத்திலோ வெளியே தெரியாத குறை உள்ளவர்களும் இருக்கிறார்கள். நல்ல பழக்கம் ஆபத்தைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது. இதை மறைத்துவிட்டு 'நடந்தால் நோயே வராது' என்று சொல்கிறவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஏனெனில், அப்படிச் சொல்லி வைத்த பிறகு நோய் வந்துவிட்டால், படுக்கையில் இருப்பவர் தன் உடம்பின் வலியோடு 'நான் என்ன தவறு செய்தேன்' என்ற பழியையும் சேர்த்துச் சுமக்கிறார். உங்கள் தந்தையைப் பற்றியும் அப்படி நினைக்க வேண்டாம்.

பரம்பரை பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. தந்தைக்கோ உடன்பிறந்த சகோதரருக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் மருத்துவத்தில் அதைத் தனியாகக் குறித்துக்கொள்கிறோம். உங்கள் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல்தான். ஆனால் கூடுதல் ஆபத்து உள்ளவருக்குப் பழக்கவழக்கத்தால் பயன் குறைவு என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஐம்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அவர்களின் மரபணுக் கூறுகளைக் கொண்டு ஆபத்து வாரியாகப் பிரித்தார்கள். பிறகு, புகைக்காமை, உடல் பருமன் இன்மை, ஒழுங்கான உடலுழைப்பு, நல்ல உணவு ஆகிய நான்கில் மூன்றையாவது கடைப்பிடித்தவர்களையும், ஒன்றுக்கு மேல் கடைப்பிடிக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். மரபணு ஆபத்து மிக அதிகமாக இருந்த பிரிவிலேயே, நல்ல பழக்கம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு போன்ற நிகழ்வுகள் ஏறத்தாழ பாதியளவே ஏற்பட்டன. இன்னொன்றும் உண்டு. குடும்பத்தில் நமக்கு வருவது மரபணு மட்டும் என்று நினைக்கிறோம்; தட்டில் எவ்வளவு போட்டுக்கொள்வது, எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பது, கோபம் வந்தால் என்ன செய்வது, ஓய்வு என்றால் என்ன என்பதையும் நாம் பெற்றோரிடமிருந்தே பெறுகிறோம். ஒரே வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஒரு நோய் வருவதில் இவற்றுக்கும் பங்கு இருக்கிறது. மரபணுவை மாற்ற முடியாது, மற்றவற்றை மாற்றலாம்.

இப்போது சிகரெட். இருபது பிடிப்பவரோடு ஒப்பிட்டு, மூன்று பிடித்தால் ஆபத்து ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான் இருக்கும் என்று மனம் தானாகவே கணக்குப் போடுகிறது. நுரையீரல் புற்றுநோயில் அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தலாம், இதயத்தில் பொருந்தாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று, நாளொன்றுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கே, இருபது பிடிப்பவருக்கு உள்ள கூடுதல் இதய நோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது என்று கண்டது. சிறிதளவு புகையே, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களை ஒன்றோடொன்று எளிதில் ஒட்டிக்கொள்ளச் செய்கிறது. ரத்தக் குழாயின் உட்சுவரைப் புண்படுத்தி அதன் விரிந்து கொடுக்கும் தன்மையைக் குறைக்கிறது. தந்தையை 52 வயதில் இதயத்தால் இழந்த ஒருவர், குறைத்துவிட்டேன் என்பதில் நிம்மதி கொள்ள முடியாது. முற்றாக நிறுத்துவதில்தான் பயன் இருக்கிறது.

அதே இங்கிலாந்து மருத்துவர்கள் ஆய்வு உங்களுக்கு ஒரு நல்ல செய்தியையும் வைத்திருக்கிறது. இழக்கக்கூடிய அந்தப் பத்து ஆண்டுகளில், 60 வயதில் நிறுத்தியவர்கள் சுமார் மூன்று ஆண்டுகளையும், 50-இல் நிறுத்தியவர்கள் ஆறு ஆண்டுகளையும், 40-இல் நிறுத்தியவர்கள் ஒன்பது ஆண்டுகளையும் திரும்பப் பெற்றார்கள். உங்களுக்கு வயது 42. இந்தப் பதிலில் நான் எழுதும் வேறு எதையும் நீங்கள் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்வதற்கு இந்த எண்களே காரணம். மன உறுதி போதாதா என்று உங்களை நீங்களே நொந்துகொள்ளவும் வேண்டாம். நிக்கோட்டின் மூளையைப் பழக்கி வைத்திருக்கிறது. அதற்கு மருத்துவ உதவி உண்டு. நிக்கோட்டின் மெல்லும் பசை, தோலில் ஒட்டும் பட்டை, தேவைப்பட்டால் மாத்திரை ஆகியவற்றில் எது பொருந்தும் என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். நிறுத்திய சில மாதங்களில் எடை சில கிலோ கூடலாம். அதற்கு அஞ்சி மீண்டும் பற்றவைக்காதீர்கள், எடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது நாற்காலி. 1953-இல் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர், லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரே நிறுவனம், ஒரே பேருந்து, ஏறத்தாழ ஒரே வாழ்க்கை நிலை. ஆனால் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது. வந்தாலும் கடுமை குறைவாக இருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து அவரே சீருடைகளின் அளவைப் பார்த்தபோது, ஓட்டுநர்களின் இடுப்புச் சுற்றளவு முதலிலிருந்தே பெரிதாக இருந்ததையும் கண்டு அதையும் ஒளிக்காமல் வெளியிட்டார். ஆகவே அந்த வேறுபாடு முழுவதற்கும் படிக்கட்டே காரணம் என்று சொல்லிவிட முடியாது. தன் முடிவைத் தானே சந்தேகித்துச் சோதித்த அந்த நேர்மைக்காகவே அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். பின்னால் வந்த எத்தனையோ ஆய்வுகள் அவருடைய அடிப்படைக் கருத்தை உறுதி செய்தன.

சர்க்கரைக்கும் தசைக்கும் உள்ள தொடர்பை நீங்கள் அறிந்துகொண்டால், நடை என்பது ஏன் வெறும் 'கொழுப்பைக் கரைக்கும்' வேலை அல்ல என்பது விளங்கும். உணவு உண்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும் மிகப் பெரிய உறுப்பு எலும்புத் தசைதான். தசையின் செல்லுக்குள் சர்க்கரை நுழைய இன்சுலின் கதவைத் திறக்க வேண்டும். வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் கொழுப்பு சேரச் சேர, இன்சுலின் தட்டினாலும் அந்தக் கதவு முன்போல் திறப்பதில்லை. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து சமாளிக்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி உழைத்துக் களைத்த பிறகே சர்க்கரை நோய் வெளியே தெரிகிறது. ஆனால் தசை சுருங்கி விரியும்போது இன்சுலினுக்குக் காத்திராமலே அந்தக் கதவு திறக்கிறது. அதனால்தான் சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பவருக்கு, அதே உணவை உண்டு உட்கார்ந்தே இருப்பவரைவிடச் சர்க்கரை குறைவாக ஏறுகிறது. வியர்த்து விறுவிறுக்க ஓட வேண்டும் என்பதில்லை.

எவ்வளவு போதும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. உங்களைப் போல நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 3,234 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2002-இல் முடிவு வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு வாரம் 150 நிமிட நடையும் உடல் எடையில் ஏழு சதவீதக் குறைப்பும் இலக்காகத் தரப்பட்டன. இன்னொரு பிரிவினருக்குச் சர்க்கரை நோய்க்குத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரை. மூன்றாம் பிரிவினருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. சுமார் மூன்று ஆண்டுகளில், வெற்று மாத்திரை பெற்றவர்களோடு ஒப்பிட, மெட்ஃபார்மின் எடுத்தவர்களில் சர்க்கரை நோய் 31 சதவீதம் குறைவாகவும், பழக்கத்தை மாற்றியவர்களில் 58 சதவீதம் குறைவாகவும் வந்தது. பின்லாந்தில் நடந்து அதற்கு முந்தைய ஆண்டு வெளியான ஆய்விலும் அதே 58 சதவீதம்தான் கிடைத்தது. உங்கள் 78 கிலோவில் ஏழு சதவீதம் என்பது ஐந்தரைக் கிலோவுக்குச் சற்றே குறைவு. இளமைக் காலத்து உடலமைப்பைத் திரும்பப் பெற வேண்டியதில்லை. ஐந்தரைக் கிலோ, அதையும் ஆறு மாதத்தில் குறைத்தால் போதும்.

உணவைப் பற்றி நீங்கள் விவரம் எழுதவில்லை. எனவே பொதுவாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். சர்க்கரை சேர்த்த பானங்களை விடுவது, உங்கள் எண்களுக்கு உடனடியாகப் பயன்தரும் ஒரே மாற்றம் எது என்று கேட்டால் நான் சொல்லும் விடை. திரவமாக உள்ளே போகும் சர்க்கரை வயிற்றை நிறைப்பதில்லை, பசியையும் அடக்குவதில்லை. உப்பு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. சமையலில் போடும் உப்பைக் காட்டிலும் ஊறுகாய், பொட்டலத் தின்பண்டம், பதப்படுத்திய உணவு ஆகியவற்றில் மறைந்து வருவதைக் கவனியுங்கள். தட்டில் காய்கறியும் பயறு வகைகளும் கூடினால் மாவுச்சத்து தானாகவே குறையும். எந்த ஓர் உணவையும் அமுதம் என்றோ நஞ்சு என்றோ ஒதுக்கிப் பேசுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். மதுவைப் பற்றியும் நீங்கள் எழுதவில்லை. அருந்துவதானால், அது ரத்த அழுத்தத்தை உயர்த்தும் என்பதையும், புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் 1988 முதலே இடம்பெற்றிருக்கிறது என்பதையும் அறிந்து வையுங்கள்.

உறக்கத்தைப் பலர் பழக்கவழக்கக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை; நீங்கள் குறிப்பிட்டதற்கு மகிழ்ச்சி. உங்களுக்குக் கிடைப்பது ஐந்து மணி நேரம். வயதுவந்தோருக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் தேவை. 1999-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், நல்ல உடல்நலமுள்ள 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் உறங்கவிட்டபோது, அவர்கள் உடல் ரத்தச் சர்க்கரையை அகற்றும் வேகம் கணிசமாகக் குறைந்தது. போதிய உறக்கம் கிடைத்தபின் அது சீரானது. பதினோரு பேரை மட்டும் கொண்டு உலகத்துக்கே முடிவு சொல்ல முடியாதுதான்; ஆனால் உறக்கம் குறைந்தால் பசி கூடுவதையும், மறுநாள் நடக்கத் தெம்பில்லாமல் போவதையும், சிகரெட்டை மனம் தேடுவதையும் உங்கள் அனுபவத்திலேயே கண்டிருப்பீர்கள். ஆண்டுத் தொடக்கத்தில் நீங்கள் எடுத்த முயற்சி மூன்றாவது வாரத்தில் சரிந்ததற்கு இந்த ஐந்து மணி நேரமும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். பலத்த குறட்டையும், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டார் சொல்வதும், பகலில் கண் சொருகுவதும் இருந்தால் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் ரத்த அழுத்தத்தை உயர்த்தும், அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.

எப்படித் தொடங்குவது என்பதற்கு வருகிறேன். மூன்று வாரத்தில் விட்டுவிட்டதை உங்கள் குறையாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். 21 நாட்கள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று எங்கும் சொல்லப்படுகிறது. அதை நம்பி, 21 நாள் கழிந்தும் கடினமாகவே இருக்கிறதே என்று கைவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். லண்டனில் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், அவரவர் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு செயல் யோசிக்காமல் தானாக நடக்கும் நிலையை எட்ட நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்களே போதுமானதாக இருந்தது; சிலருக்கு 254 நாட்கள் வரை ஆகும் என்று கணக்கிடப்பட்டது. அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது: இடையில் ஒரு நாள் தவறியவர்களுக்குப் பழக்கம் உருவாவதில் பெரிய பாதிப்பு ஏதும் ஏற்படவில்லை. நீங்கள் தோற்கவில்லை, மூன்று பெரிய மாற்றங்களை ஒன்றாக ஏற்றிக்கொண்டு, பாதி வழிக்கும் முன்னால் இறக்கி வைத்துவிட்டீர்கள்.

இம்முறை இப்படிச் செய்யுங்கள். இந்த வாரம் மருத்துவரைச் சந்தித்து, புகையை நிறுத்த ஒரு தேதியைக் குறித்து, அதற்கான மருந்துதவியைப் பெறுங்கள். அதோடு ஒரே ஒரு சிறு செயலைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: மதிய உணவு முடிந்து கை கழுவியவுடன் பத்து நிமிட நடை. வழக்கமாக அந்த நேரத்தில் நீங்கள் சிகரெட் பிடிப்பவராக இருந்தால், அந்தக் கை வெறுமையை நடை நிரப்பும். ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒன்றின் வாலில் புதியதைக் கட்டிவிட்டால், நினைவூட்டலும் ஊக்கமும் அதிகம் தேவைப்படுவதில்லை. முதல் இரண்டு மாதம் இவை இரண்டு மட்டுமே. பிறகு படுக்கும் நேரத்தை வாரத்துக்குக் கால் மணி நேரமாக முன்னால் நகர்த்துங்கள். அதன்பின் இரவு உணவுக்குப் பிறகும் நடை. இப்படியே வாரம் 150 நிமிடத்தை எட்டுங்கள். உணவில் பெரிய மாற்றங்களை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலியோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நின்றுவிடுங்கள். அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஓய்வெடுத்தும் வலி நிற்காவிட்டால் அவசரச் சிகிச்சைக்குச் செல்லுங்கள். வாயுத் தொல்லை என்று காத்திருந்து காலம் தாழ்த்தியவர்களை நான் இழந்திருக்கிறேன்.

மருத்துவரைப் பார்க்கும்போது, தந்தை இறந்த வயதைச் சொல்லி, கொழுப்புப் பரிசோதனையும் சிறுநீரகப் பரிசோதனையும் தேவையா என்று கேளுங்கள். கெட்ட கொழுப்பு மிக உயர்ந்திருந்தால் அது பரம்பரைக் கோளாறாக இருக்கலாம்; அதைப் பழக்கவழக்கத்தால் மட்டும் சரிசெய்ய இயலாது, மாத்திரை வேண்டியிருக்கும். மாத்திரை எழுதித் தந்தால் அதை உங்கள் தோல்வியாகக் கருதி மறுத்துவிடாதீர்கள். நடையும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரிகள் அல்ல. ஹெச்பிஏ1சி-ஐ மூன்று மாதம் கழித்து மீண்டும் பாருங்கள். அதற்கு முன்னால் பார்த்தால், இன்னும் ரத்தத்தில் இருக்கும் பழைய சிவப்பணுக்கள் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருக்கும்.

கடைசியாக, உங்கள் தம்பி. அவருக்கும் அதே தந்தைதான், அதே தாய்தான். 'தெரியாமல் இருப்பதே நிம்மதி' என்று அவர் சொல்வதில் அச்சம்தான் தெரிகிறது, அலட்சியம் தெரியவில்லை. தந்தை போனபோது அவர் உங்களைவிடச் சிறியவர் அல்லவா? உயர் ரத்த அழுத்தமும் தொடக்கநிலைச் சர்க்கரையும் வலிக்காது, எந்த அறிகுறியும் காட்டாது. அதனால்தான் அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அறிவுரை கூறாமல், உங்கள் 136/88-ஐயும் 6.0-ஐயும் அவரிடம் காட்டுங்கள். மூன்று மாதம் கழித்து நீங்கள் மறுபரிசோதனைக்குப் போகும் காலையில் அவரையும் உடன் வரச் சொல்லி, இருவரும் ஒன்றாகவே ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்.